மோபானி மரத்தில் வெண்பொடி பூசிய கெட்டிக் கூடு: இது எந்தப் பட்டுப்பூச்சி?

டோனோட்டா டீச்சர் (ஜூன்):

எல்லோருக்கும் வணக்கம். நான் போட்ஸ்வானாவில், ஃபிரான்சிஸ்டவுன் பக்கம் டோனோட்டா என்ற ஊரில் பள்ளி ஆசிரியை. அறிவியல் பாடம் எடுக்கிறேன். பள்ளி வேலியைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மோபானி மரம்தான். இப்போது மழையில்லாத காலம். மோபானி இலை செம்பழுப்பாகி உதிரத் தொடங்கிவிட்டதால், இத்தனை நாள் இலைக்குள் மறைந்திருந்ததெல்லாம் வெளியே தெரிகிறது. அப்படித் தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

கிளையோடு கிளையாக ஒட்டிய கூடுகள். முட்டை வடிவம், கொஞ்சம் நீண்டது, இரண்டு முனையும் மழுங்கல். பெரியவை நான்கரை சென்டிமீட்டர் இருக்கும், சிறியவை மூன்றரை. நடுவாந்தரமாக எதுவும் அதிகம் இல்லை, ஒன்று பெரிது, இல்லையென்றால் சிறிது. மேலே சாம்பலும் வெள்ளையுமாக ஏதோ பூச்சு. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புப் பொடி மாதிரி வருகிறது. சுவர் அவ்வளவு கெட்டி, விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை, பேனாக்கத்தி வழுக்குகிறது. கையில் வைத்துப் பார்த்த அன்று ராத்திரி முழுக்க விரலிடுக்கில் அரிப்பு. மறுநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கூட்டின் மேல் நெடுக, மயிரைவிட மெல்லிய சுணை குத்திட்டு நிற்கிறது. சில கூடுகளில் ஒரு முனையில் வட்ட ஓட்டை. சிலவற்றில் பக்கவாட்டில் பொடிப்பொடியாக ஓட்டைகள்.

பிள்ளைகளைக் கேட்டால், "மிஸ், அது பானேயின் கூடு" என்கிறார்கள். பானே என்றால் இங்கே எல்லோரும் வறுத்துச் சாப்பிடுகிற மோபானிப் புழு. ஐந்து பூலா நாணயத்திலேயே அதன் படம் இருக்கிறது. ஆனால் பள்ளியில் சமைக்கிற அம்மா சிறு வயதிலிருந்து பானே பொறுக்கியவர், அவர் சிரித்துவிட்டார். பானே மண்ணுக்குள் போகும், மரத்தில் கூடு கட்டாது என்கிறார். கைபேசிச் செயலியில் படம் போட்டேன். ஒரு தடவை ஆப்பிரிக்க நிலாப்பூச்சி என்றது, இன்னொரு தடவை மல்பெரி பட்டுப்பூச்சி என்றது. இணையத்தில் தேடியும் அச்சாக இதே போல ஒரு படம் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி இரண்டு. இது என்ன? ஒருவேளை யாரும் பெயர் வைக்காத பூச்சியாக இருந்தால் அதை முறையாக விவரித்து எழுதுவது எப்படி? பிள்ளைகள் இப்போதே பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் கொஞ்சம் அவசரம்.


நிலாவெளி (ஜூன்):

செயலி முதலில் சொன்னதுதான் சரி, டீச்சர். ஆர்கெமா மிமோசே, ஆப்பிரிக்க நிலாப்பூச்சி. பச்சை இறக்கை, நீண்ட வால், பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். வாழ்த்துகள்!


பழைய ஊசிப்பெட்டி (ஜூன்):

நிலாவெளி தம்பி, வாழ்த்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆர்கெமா மிமோசே கூடு வெள்ளி முலாம் பூசியது மாதிரி பளபளக்கும். அதைவிட முக்கியம், அதன் சுவரில் புழு நெய்யும்போதே விட்டுவைத்த சின்னத் துளைகள் இருக்கும். மேலே சுணை இருக்காது, கையில் தாராளமாக எடுக்கலாம். அதன் புழு தின்பது மரூலா, தம்போட்டி போன்ற மரங்களை. டீச்சர் சொல்வது மோபானி, அரிப்பு, சுண்ணாம்புப் பொடி. மூன்றுமே பொருந்தவில்லை.

டீச்சரம்மா, நான் லிம்போபோ ஆற்றுக்குத் தெற்குப் பக்கம் இருப்பவன். அருங்காட்சியகப் பெட்டிகளில் அந்துப்பூச்சிக்கு ஊசி குத்தியே வேலைக்காலம் முழுக்கப் போனது, இப்போது ஓய்வு. நீங்கள் படம் போடாமலேயே நல்ல சேதி மூன்று சொல்லிவிட்டீர்கள். படம் மட்டும் போட்டு "இது என்ன" என்று கேட்பவர்களைவிட எவ்வளவோ மேல்.

முதல் சேதி, மரத்தில் கூடு. சமையல்கார அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மோபானிப் புழு, அதாவது கோனிம்பிரேசியா பெலினா, முழு வளர்ச்சி அடைந்ததும் மரத்தைவிட்டு இறங்கி மண்ணைத் தோண்டி உள்ளே போய்க் கூட்டுப்புழு ஆகிவிடும். பட்டு நூலே சுற்றாது. அது மட்டுமல்ல, ஆப்பிரிக்காவின் பெரிய கண்புள்ளி அந்துப்பூச்சிகளில் ஏராளமானவை இப்படித்தான். சடர்னிடே என்ற குடும்பம், உலகம் முழுக்க காட்டுப்பட்டுக்குப் பெயர் போனது. ஆனால் தென்னாப்பிரிக்கச் சமவெளியில் அந்தக் குடும்பத்தில் மரத்தில் கூடு கட்டுபவை கொஞ்சம்தான். ஆர்கெமா ஒன்று, இலந்தை மரத்தில் வரும் எபிஃபோரா பௌஹினியே ஒன்று, இப்படிச் சில. அதனால் இந்தப் பக்கத்தில் கெட்டியான பட்டுக்கூட்டைக் கண்டதும் சடர்னிடேயில் தேடப் போனால் வழி தவறிவிடும். செயலி தவறியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சேதி, சுணை. கூட்டின் மேல் குத்திட்டு நிற்கும் மயிர் கம்பளிப்பூச்சியின் சொந்த உடம்பு மயிர். கூடு கட்டும்போது அதைச் சுவரோடு சேர்த்துச் செருகிவிடும். பானேயின் உடம்பில் இருப்பது குட்டை முட்கள், கம்பளி கிடையாது. ஆகவே இந்தக் கூட்டைக் கட்டியது கம்பளி போர்த்திய ஒரு புழு. அது லேசியோகாம்பிடே என்ற வேறு குடும்பத்தைக் காட்டுகிறது.

மூன்றாவது, வெண்பொடி. அது சுண்ணாம்பு இல்லை, கால்சியம் ஆக்சலேட். புழு தன் கழிவிலிருந்து அந்த உப்பைக் கூட்டில் ஏற்றிக் காயவிடுகிறது. பேனாக்கத்தி வழுக்கியதற்கு நூலைப் பிணைக்கும் பசையோடு இதற்கும் பங்கு உண்டு.

மூன்றையும் சேர்த்தால் கோனோமெட்டா என்ற பேரினம். தென்பகுதியில் பட்டுக்காகப் பொறுக்கப்படுபவை அதில் இரண்டு. ஒன்று கோனோமெட்டா போஸ்டிகா, 1855இல் ஆங்கிலேயர் வாக்கர் பெயரிட்டது, கலஹாரிப் பாலைநிலம் முழுக்கப் பரவியது, ஒட்டகமுள் மரம் போன்ற முள்மரங்களைத் தின்பது. மற்றது கோனோமெட்டா ரூஃபோபுரூனியா, ஸ்வீடன்காரர் அவுரிவில்லியஸ் பெயரிட்டது, தின்பது மோபானி. போஸ்டிகாவையாவது பட்டு வேலைக்காரர்களுக்குத் தெரியும். ரூஃபோபுரூனியாவைப் பற்றி வெளியே அவ்வளவு பேச்சு இல்லை. அதே மரத்தில் வரும் பானேக்கு நாணயத்தில் இடம், இதற்கு அப்படி எதுவும் இல்லை.

நீங்கள் இருப்பது மோபானி நாடு. ஆகவே என் ஊகம் ரூஃபோபுரூனியா. ஆனால் ஊகம்தான், இன்னும் தீர்ப்பு இல்லை. கூட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்க நான் துணிய மாட்டேன். மரத்தைச் சாட்சியாகக் கூப்பிடலாம், ஆனால் அந்தச் சாட்சியும் சில சமயம் பல்டி அடிக்கும். கோனோமெட்டா புழு தின்ற மரத்திலேயே கூடு கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இறங்கி நடந்து பக்கத்து மரத்தில், புதரில் ஏறிக் கட்டுவது உண்டு. நீங்கள் பார்த்த மோபானிக்குப் பக்கத்தில் முள்மரம் எதுவும் உண்டா? அதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

பெரிது, சிறிது என்று இரண்டே அளவு சொன்னீர்களே, அது ஆணும் பெண்ணும். பெரியது பெண். முனையில் ஒரே வட்ட ஓட்டை என்றால் அந்துப்பூச்சி வெளியேறிவிட்டது. பக்கவாட்டில் பொடி ஓட்டைகள் என்றால் உள்ளே இருந்த கூட்டுப்புழுவை ஒட்டுண்ணி ஈயோ குளவியோ தின்று முடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறது. ஓட்டை இல்லாத, குலுக்கினால் கனமாக அசையும் கூடு உயிரோடு இருக்கலாம். அவற்றைக் கிளையோடு வெட்டி, வலையடித்த பெட்டியில் வெளித் திண்ணையில் வையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், வெளி வெயிலும் குளிரும் படாவிட்டால் அதற்கு நேரம் தெரியாமல் போய்விடும். வசந்தத்தில் வரும். வராவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு வருடத்துக்கு மேலும் உள்ளேயே உறங்கிக் கிடக்கக் கூடிய இனம் இது.

புதிய இனமா என்ற கேள்விக்கு அந்துப்பூச்சி வந்த பிறகு பதில் சொல்கிறேன். பிள்ளைகளிடம் பெயரை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், அழிக்கிற பென்சிலால்.


வரையறை (ஜூன்):

ஒரு சின்ன ஆட்சேபம். லேசியோகாம்பிடே என்றால் அது பட்டுப்பூச்சியே இல்லையே? பட்டுப்பூச்சி என்றால் மல்பெரிப் பட்டுப்பூச்சியின் குடும்பமான பாம்பிசிடே, அதிகம் போனால் சடர்னிடே. தலைப்பை மாற்றலாம்.


பழைய ஊசிப்பெட்டி (ஜூன்):

வகைப்பாட்டு மரத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஆப்பிரிக்காவில் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் பட்டே கிடைக்காது. இந்தக் கண்டத்தில் மனிதர்கள் நூலாக்கிய காட்டுப்பட்டில் பெரும்பங்கு அந்த இரண்டு குடும்பத்துக்கும் வெளியே இருக்கிறது. மடகாஸ்கரில் மேட்டுநிலத் தாப்பியா மரத்தில் வளரும் பொரோசெரா, அதுவும் லேசியோகாம்பிடேதான். அதன் பட்டில் நெய்த போர்வையைத்தான் இறந்தவர்களுக்குப் போர்த்துகிறார்கள். நைஜீரியாவில் யோருபா மக்கள் சான்யான் துணிக்கு எடுக்கும் அனாஃபே நோட்டோடோன்டிடே குடும்பம். கோனோமெட்டா கூட்டை வேகவைத்து, பசை போக்கி, பஞ்சு போலப் பிரித்துத்தான் வழக்கமாக நூற்பார்கள், மல்பெரிக் கூடு மாதிரி ஒரே இழையாக உருவ வராது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு, நைரோபி ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆக்சலேட்டை ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலில் கரைத்து எடுத்துவிட்டால் போஸ்டிகா கூட்டிலிருந்தும் இழையை உருவலாம் என்று காட்டினார்கள். இவ்வளவும் செய்த பூச்சியைப் பட்டுப்பூச்சி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைப்பு இருக்கட்டும்.


காகமேகா வாசி (ஜூன்):

நான் மேற்கு கென்யாவில் காகமேகா காட்டுப் பக்கம். ஐயா சொன்ன அனாஃபேயை இங்கே பார்க்கலாம், பிரைடிலியா மைக்ராந்தா மரத்தில். டீச்சர் கூட்டிலிருந்து இதைப் பிரிப்பது சுலபம். இது தனிக் கூடு இல்லை, கூட்டுக் குடும்பம். ஏராளமான புழுக்கள் சேர்ந்து ஒரே பழுப்புப் பையை நெய்யும், உள்ளே காகிதம் மாதிரி அடுக்குகள், அதற்குள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சின்னக் கூடு. நைரோபியில் உள்ள இசிபே ஆராய்ச்சி நிலையம் இங்கே உள்ளவர்களோடு சேர்ந்து இந்தப் பட்டில் வேலை செய்திருக்கிறது. வெளிவரும் அந்துப்பூச்சி வெள்ளை, அதில் கரும்பழுப்புப் பட்டைகள்.

சொல்ல வந்தது அரிப்பு விஷயம். அனாஃபே சுணையும் பொல்லாதது. கையில் பட்டால் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் உடைந்து உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை வைத்து ஒட்டி ஒட்டி எடுங்கள், அப்புறம் சோப்பும் தண்ணீரும். கூட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. காற்றடிக்கும்போது கூட்டை வெட்டவும் வேண்டாம்.


டோனோட்டா டீச்சர் (ஜூன்):

மிக்க நன்றி, ஐயா. காகமேகா வாசிக்கும் நன்றி, டேப் வேலை செய்தது. இடுக்கியும் கையுறையும் வாங்கியாகிவிட்டது.

முள்மரக் கேள்விக்குப் பதில்: கூடுகள் நிறைய இருக்கிற இடத்தில் சுற்றிலும் மோபானி மட்டும்தான். ஆற்றோரம் போனால்தான் முள்மரங்கள். அங்கேயும் தேடினோம், ஷாஷே ஆற்று மணலை ஒட்டி. முள்மரத்தில் இரண்டே இரண்டு கூடு கிடைத்தது, பார்வைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பள்ளிக் காவலர் ஒரு கூட்டைப் பார்த்ததும், இதைக் கோத்துக் காலில் கட்டி ஆடுவார்கள் என்றார், உள்ளே சின்னக் கல் போட்டால் சலங்கை மாதிரி ஓசை வருமாம். ஆடு, மாடு மேயும் இடத்தில் இதைப் போடாதீர்கள் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன், அவருடைய அப்பாவுக்குத்தான் தெரியும் என்று முடித்துவிட்டார்.


பழைய ஊசிப்பெட்டி (ஜூன்):

முள்மரக் கூட்டைத் தனியாக வைத்தீர்களே, அது ஒன்றுக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம். பெட்டி கலந்துபோனால் பிறகு எந்தப் பூச்சி எந்த மரத்தில் வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. பெரிய அருங்காட்சியகங்களிலேயே அப்படிக் கலந்து கிடக்கும் இழுப்பறைகள் இருக்கின்றன.

காவலரின் அப்பா சொன்னது இதுதான். வறட்சியில் மாடு, ஆடு, மான் எல்லாம் கீழே விழுந்த முள்மர நெற்றோடு நெற்றாக இந்தக் கூட்டையும் விழுங்கிவிடும். பட்டு செரிக்காது. முதல் இரைப்பையில் நூல் பிரிந்து பந்தாகச் சிக்கி அடைத்துக்கொள்ளும், மாடு செத்துப்போகும். கலஹாரியில் இது நன்றாகத் தெரிந்த சங்கதி. கால் சலங்கையும் உண்மை. கலஹாரியின் பூர்வகுடிகளான சான் மக்கள் கூட்டுக்குள் தீக்கோழி முட்டையோட்டுச் சில்லு போட்டுக் கோப்பார்கள்.

அடுத்து, இப்போதிலிருந்தே எழுத வேண்டியது. கிளையில் கூடு எவ்வளவு உயரத்தில், கிளையின் தடிமன், மேல்பக்கமா கீழ்பக்கமா, மரத்தின் பெயர், இடத்தின் ஆயத்தொலைவு, தேதி, எடுத்தவர் பெயர். ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு எண், அதே எண் பெட்டியிலும் நோட்டிலும். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை சாராயத்தில் கரையும். போட்ஸ்வானாவில் ஆராய்ச்சி என்று பெயர் சொல்லிச் சேகரிப்பதற்கு அரசு அனுமதி வேண்டும். பள்ளி வழியாகக் கபரோனேயில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதி என்ன முறை என்று கேட்டு, அதன்படி நடங்கள். நாட்டுக்கு வெளியே எதையும் அஞ்சலில் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.


டோனோட்டா டீச்சர் (அக்டோபர்):

வந்துவிட்டது! கடிதமும் பதிலும் வந்து எல்லாம் முறைப்படி ஆனது. வெயில் ஏறியதும் பெட்டிக்குள் ஒரே ரீங்காரம், குளவி புகுந்துவிட்டது என்று பிள்ளைகள் ஓடினார்கள். பார்த்தால் அந்துப்பூச்சி. சின்னக் கூட்டிலிருந்து வந்தது. முன்னிறக்கை ஒடுங்கி நீண்டிருக்கிறது, பின்னிறக்கை கேலிக்குச் செய்து வைத்த மாதிரி குட்டி, அதில் பாதி கண்ணாடி போல ஊடு தெரிகிறது. ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் கழித்துப் பெரிய கூட்டிலிருந்து இன்னொன்று வந்தது, அதுவும் இதுவும் ஒரே இனம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தடித்த உடம்பு, அகன்ற செம்பழுப்பு இறக்கை, அசையாமல் உட்கார்ந்து முட்டையிடுகிறது. முள்மரக் கூடு ஒன்றிலிருந்து பூச்சியே வரவில்லை, சாம்பல் நிற ஈக்கள் வந்தன. இன்னொன்று இன்னும் அப்படியே இருக்கிறது.

நானே விவரிப்பு ஒன்று எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள், ஐயா:

"ஆண்: அழகான சிறிய அந்துப்பூச்சி, பழுப்பு நிறம். இறக்கை விரிப்பு சுமார் நான்கரை சென்டிமீட்டர். பின்னிறக்கை சிறியது, கண்ணாடி போன்றது. உணர்கொம்பு சீப்புப் போன்றது. பெண்: ஆணைவிட மிகப் பெரியது, செம்பழுப்பு. கண்புள்ளி இல்லை. வாய்க்குழல் தெரியவில்லை. மோபானி மரத்தில் காணப்படும்."


பழைய ஊசிப்பெட்டி (அக்டோபர்):

ஆணும் பெண்ணும் ஒரே வாரத்தில் ஒரே மரக்கூட்டத்திலிருந்து வந்தது உங்கள் அதிர்ஷ்டம். பழைய காலத்தில் இந்த மாதிரி ஆண் ஒரு பெட்டியிலும் பெண் வேறு பெட்டியிலும் வேறு வேறு பெயரோடு கிடந்த கதைகள் அந்துப்பூச்சி உலகில் நிறைய. கூட்டிலிருந்து வளர்த்து எடுத்தால்தான் அந்தச் சிக்கல் தீரும்.

இப்போது திருத்தம். "அழகான" என்பதை அடியுங்கள். "பழுப்பு" என்றால் எது பழுப்பு? முன்னிறக்கையின் அடியா, நடுவா, விளிம்பா? குறுக்குக் கோடு உண்டா, நேரா வளைவா? இன்றே பகல் வெளிச்சத்தில் எழுதுங்கள், செத்துக் காய்ந்த பூச்சியின் செம்மை வருடத்துக்கு வருடம் மங்கும். இறக்கை விரிப்பை நம்பாதீர்கள், ஊசியில் எப்படி விரித்தோம் என்பதைப் பொறுத்து அது கூடும் குறையும். முன்னிறக்கையின் அடியிலிருந்து நுனி வரை அளங்கள், அது யார் விரித்தாலும் மாறாது. "சுமார்" வேண்டாம், மில்லிமீட்டரில் எண் போடுங்கள், எத்தனை பூச்சியை அளந்தீர்கள் என்பதும் சேர வேண்டும். "சீப்புப் போன்றது" சரிதான், ஆனால் பல் ஆணில் எவ்வளவு நீளம், பெண்ணில் எவ்வளவு, நுனி வரை போகிறதா என்று பாருங்கள். "வாய்க்குழல் தெரியவில்லை" நல்ல கவனிப்பு. இவை எதையும் சாப்பிடாது, புழுவாக இருந்தபோது தின்ற மோபானிக் கொழுப்பில் சில நாள் வாழ்ந்து முடித்துவிடும்.

கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. "மோபானி மரத்தில் காணப்படும்" என்பது உங்களுக்குத் தெரிந்ததைவிடப் பெரிய பேச்சு. "டோனோட்டா அருகே, சுற்றிலும் மோபானி மட்டுமே உள்ள இடத்தில், மோபானிக் கிளையில் கிடைத்த கூட்டிலிருந்து வெளிவந்தது" என்று எழுதுங்கள். புழு மோபானி இலையைத் தின்றதை நீங்கள் பார்க்கவில்லை. பெண் முட்டையிடுகிறதே, பொரித்த குஞ்சுப் புழுவுக்கு மோபானித் தளிரும் முள்மரத் தளிரும் இரண்டையும் வைத்துப் பாருங்கள். எதைத் தின்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அந்த வரி தானாகச் சரியாகும்.

இனி, புதிய இனமா என்ற பழைய பாக்கி. இல்லை, டீச்சரம்மா. செம்பழுப்புப் பெண், மோபானி, இடம் மூன்றும் சேர்ந்தால் ரூஃபோபுரூனியா என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். ஆணின் அடிவயிற்று நுனியைப் பத்து சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பெட்டியில் உள்ள மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கையெழுத்தும் போட்டுவிடுவேன். அதை நீங்கள் சமையலறையில் செய்ய வேண்டாம், அருங்காட்சியகத்தில் செய்வார்கள். ஒரு காலை மட்டும் பிடுங்கிச் சுத்தமான எத்தனாலில் போட்டு வையுங்கள், மரபணுப் பார்கோடுக்கு உதவும். சிஓஐ என்ற ஒரு மரபணுவில் 658 எழுத்து படித்து மற்ற கோனோமெட்டாக்களோடு ஒப்பிடுவார்கள்.

ஒரு பேச்சுக்குப் புதிய இனமாகவே இருந்திருந்தால்? பெயர் யோசிப்பது கடைசி வேலை. முன்பு பெயரிட்ட மூலப் பூச்சிகளைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், வாக்கருடையவை என்றால் பெரும்பாலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். 2000 முதல் நடப்பில் உள்ள விலங்குப் பெயரிடல் விதிப்படி, எந்த ஒரு பூச்சி அந்தப் பெயருக்கு மூலம், அது எந்த நிறுவனத்தில் இருக்கப்போகிறது என்பதைக் குறிப்பிடாவிட்டால் பெயரே செல்லாது. மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால் 2012 முதல் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு கட்டாயம். இணையக் குழுவில் படம் போட்டுப் பெயர் சூட்டுவதெல்லாம் கணக்கில் வராது.


டோனோட்டா டீச்சர் (அக்டோபர்):

பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் குஞ்சுப் புழுவுக்கு இலை வைக்கும் வேலையைப் பங்கு பிரித்துவிட்டார்கள், இப்போது பெயர்ப் பேச்சே இல்லை. அந்த ஈக்களை என்ன செய்யட்டும்? தூக்கிப் போட்டுவிடவா?


பழைய ஊசிப்பெட்டி (அக்டோபர்):

ஐயோ, போடாதீர்கள்! கோனோமெட்டா கூட்டுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது அந்துப்பூச்சியைவிடக் குறைவாகத் தெரிந்த விஷயம். டக்கினிட் என்ற ஒட்டுண்ணி ஈயாக இருக்கும். ஈயையும், அது வந்த கூட்டையும், கூட்டுக்குள் கிடக்கும் காலி ஓடுகளையும் ஒரே எண்ணில் ஒன்றாக வையுங்கள். முள்மரக் கூடு என்று தெளிவாக எழுதுங்கள், அதற்குள் இருந்தது போஸ்டிகாவா ரூஃபோபுரூனியாவா என்பது இனித் தெரிய வேண்டும் என்றால், உள்ளே சுருண்டு கிடக்கும் கூட்டுப்புழுத் தோலிலிருந்து மரபணு எடுத்தால்தான் உண்டு. இன்னும் திறக்காத இரண்டாவது முள்மரக் கூட்டைக் கத்தியால் திறக்க யாரையும் விடாதீர்கள், அடுத்த மழைக்காலம் வரை திண்ணையிலேயே இருக்கட்டும்.